பனிக்கால டயரும் வீலும்: 17 அங்குலத்திலேயே வாங்குவதா, ஒரு படி இறங்குவதா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. வருடத்தில் நான்கைந்து மாதம் பனி விழும் ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கிறீர்கள். கார் ஆல் வீல் டிரைவ். அலாய் வீலில் 225/45 ஆர்17 அளவு (225 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 17 அங்குல ரிம்) ஆல்-சீசன் டயரோடு வந்திருக்கிறது. பனிக்கால டயர் கட்டாயமா, இதே வீலில் மாற்றி மாட்டிக்கொள்ளலாமா, தனியாக நான்கு வீல் வாங்க வேண்டுமா, அகலமான டயர் நல்லதா குறுகலானதா, ஆணி வைத்த டயர் தேவைப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டும், நான்கு சக்கரத்துக்கும் வேண்டும். தனி வீல் செட் வாங்குங்கள், அதையும் 16 அங்குலத்தில் வாங்குங்கள். வீலில் மிச்சம் பிடித்து டயரில் செலவழியுங்கள். எந்த வகை டயர் என்பதை மட்டும் வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் பனி விழுகிறது என்பதைவிட, விழுந்த பிறகு நீங்கள் ஓட்டும் சாலை எப்படிக் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டயர் என்றதும் எல்லோருக்கும் பட்டன்தான், அதாவது சாலையைத் தொடும் பரப்பில் புடைத்திருக்கும் ரப்பர் கட்டங்கள்தான், கண்ணில் படும். பனிக்கால டயரில் அதற்கும் முன்னால் வருவது ரப்பர். கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதுமே விறைக்கத் தொடங்கிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே அது பிளாஸ்டிக் மாதிரி ஆகி, சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலேயே சறுக்கும். பனிக்கால டயரில் சிலிக்கா சேர்த்து, ரப்பர் கலவையையே மாற்றி, கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்திருப்பார்கள். அதன் பட்டன் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். டயர் உருளும்போது இவை லேசாக விரிந்து, கூடுதலான விளிம்புகளால் சாலையைப் பற்றும். ஐஸ் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டிய பிறகு டயரின் பள்ளங்களில் பனி அடைத்திருப்பதைப் பார்த்து அது கெடுதல் என்று சிலர் தட்டிவிடுவார்கள். உண்மையில் பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். பள்ளத்தில் இறுகிய பனி சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்வதும் அந்தப் பிடிமானத்தில் ஒரு பங்கு.

இப்போது ஆல் வீல் டிரைவ் விஷயம். எஞ்சினின் விசை நான்கு சக்கரத்துக்கும் போவதால் கிளம்பும்போது சறுக்குவது குறையும், மேடு ஏறும்போது உதவும். ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிறுத்தும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஆல் வீல் டிரைவ் காருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. எடை கூடுதலாக இருந்தால் வளைவில் வெளியே தள்ளும் விசையும் கூடத்தான் செய்யும். சுலபமாக வேகம் எடுக்க முடிவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போவதுதான் அதிலுள்ள ஆபத்து. முன்சக்கர டிரைவ் காரில் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று எச்சரித்துவிடும். மோசமான ஆல்-சீசன் டயர் போட்ட ஆல் வீல் டிரைவ் காரைவிட, நல்ல பனிக்கால டயர் போட்ட முன்சக்கர டிரைவ் காரில் உட்காரத்தான் எனக்கு விருப்பம்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். டயர் சாலையை எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் உராய்வுக் குணகம் காய்ந்த தார்ச்சாலையில் ஏறக்குறைய 0.8. இறுகிய பனியில் 0.2 ஒட்டி. ஈரமான ஐஸில் 0.1, சமயத்தில் அதற்கும் கீழே. மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் பிரேக் அடித்தால் காய்ந்த சாலையில் 12 மீட்டரில் நிற்கும் கார், 0.2 இருக்கும் இடத்தில் 49 மீட்டர் போகும். 0.1 என்றால் 98 மீட்டர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 0.1 வெறும் 0.15 ஆனாலே 98 மீட்டர் 66 மீட்டராகக் குறைந்துவிடும். வழுக்கும் சாலையில் டயர் தரும் சின்ன முன்னேற்றமும் இத்தனை பெரிய வித்தியாசமாக மாறுவதால்தான் எதில் மிச்சம் பிடித்தாலும் டயரில் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

ஐஸிலும் எல்லா ஐஸும் ஒன்றில்லை. கடுங்குளிரில், மைனஸ் 20 அளவில், ஐஸ் ஓரளவு சொரசொரப்பாக நடந்துகொள்ளும். பூஜ்யத்தை ஒட்டி, உருகியும் உருகாமலும் மேலே நீர்ப்படலம் நிற்கும்போதுதான் அது மிக மோசமாக வழுக்கும். பகலில் உருகி இரவில் உறையும் ஊர்களில் ஓட்டுவது நிரந்தரமாக உறைந்து கிடக்கும் ஊர்களைவிடச் சிரமம். இதை நினைவில் வைத்துக்கொண்டு டயர் வகைக்குப் போவோம்.

முதலில் டயரின் பக்கச் சுவரில் உள்ள குறிகள். எம்+எஸ் என்று பொறித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். 'சேறும் பனியும்' என்ற பொருளில் வரும் அந்தக் குறி பட்டனின் அமைப்பைப் பற்றியது. அதைப் பொறிக்க எந்தப் பிடிமானச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை. உங்கள் காரோடு வந்த ஆல்-சீசன் டயரிலும் அநேகமாக அது இருக்கும். தேட வேண்டியது, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி. வட அமெரிக்காவில் 1999இல் வந்தது. பனியில் ஒரு ஒப்பீட்டு டயரோடு வைத்துச் சோதித்து, அதன் மதிப்பு 100 என்றால் குறைந்தது 110 எடுத்த டயருக்கே அந்தக் குறி கிடைத்தது. ஐரோப்பாவிலும் இதே குறிதான், சோதனை முறை சற்று வேறு. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் இந்த மலைக்குறி இருந்தால்தான் பனிக்கால டயர் என்று சட்டம் ஏற்கும், வெறும் எம்+எஸ் செல்லாது. ஆனால் இந்தக் குறி ஒரு தொடக்கக் கோடு மட்டுமே. அது இறுகிய பனியில் செய்யும் சோதனை, ஐஸைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தாண்டியவர்களில் பாஸ் மார்க் எடுத்தவரும் இருப்பார், முதல் மாணவரும் இருப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் 2021 மே முதல் ஐஸ் பிடிமானத்துக்குத் தனிக்குறி ஒன்று வந்திருக்கிறது. அது இருந்தால் ஐஸுக்கென்றே தயாரித்த டயர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பனிக்கால டயர் என்று கடையில் விற்பது உண்மையில் இரண்டு வேறு பிராணிகள். நார்டிக் வகை ஒன்று, ஆல்பைன் வகை மற்றொன்று. நார்டிக் டயரின் ரப்பர் மிக மென்மையானது, வெட்டுகள் மிக நெருக்கமானவை. நோக்கியன் ஹக்கபெலித்தா ஆர் வரிசை, மிஷெலின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூ.எஸ். வரிசை, கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட் எல்லாம் இந்தக் குடும்பம். ஐஸிலும் ஆழமான பனியிலும் இவற்றை மிஞ்ச ஆணி டயர்தான் வர வேண்டும். ஆனால் மழையில் நனைந்த வெறும் தார்ச்சாலையில், அதுவும் 5, 8 டிகிரியில், பிரேக் தூரம் நீளும். ஸ்டியரிங் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். ஆல்பைன் டயர்கள் மத்திய ஐரோப்பாவின் தேவையிலிருந்து வந்தவை. அங்கே நெடுஞ்சாலையை உப்புப் போட்டுச் சுத்தமாக வைத்திருப்பார்கள். வேகம் அதிகம், பனி அவ்வப்போதுதான். மிஷெலின் ஆல்பின், கான்டினென்டல் வின்டர்கான்டாக்ட் போன்றவை அந்த ரகம். ஈரமான சாலையில் நன்றாக நிற்கும், சுத்தமான ஐஸில் நார்டிக்குக்கு ஈடு கொடுக்காது. பெயரை வைத்துக் குழம்பினால் வேகக் குறியீட்டைப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் வரும் எழுத்து க்யூ (உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர்), ஆர் (170), டி (190) என்றிருந்தால் பெரும்பாலும் நார்டிக். எச் (210), வி (240) என்றால் பெரும்பாலும் ஆல்பைன். விதிவிலக்கு உண்டு, ஆனால் கடைக்காரரிடம் கேட்கும் முன் ஒரு யூகத்துக்கு இது போதும்.

உங்களுக்கு எது? வீட்டிலிருந்து கிளம்பி முதல் அரை மணி நேரம் எப்படிப்பட்ட சாலையில் ஓட்டுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உப்பு போடாத குடியிருப்புத் தெருக்கள், நாற்சந்திகளில் மெருகேறிக் கிடக்கும் ஐஸ், கிராமத்துச் சாலை, அதிகாலையில் பனியை வழித்துத் தள்ளும் வண்டி வருவதற்குள் கிளம்ப வேண்டிய வேலை என்றால் நார்டிக். பெரும்பாலும் நெடுஞ்சாலை, அது மணிக்கணக்கில் கறுப்பாக ஈரமாகவே இருக்கிறது, வாரத்தில் ஒரு நாள்தான் வெள்ளையைப் பார்க்கிறோம் என்றால் ஆல்பைன். நான்கைந்து மாதம் பனி என்கிறீர்கள். அந்த ஒரு தகவலை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் ஆணியில்லாத நார்டிக் என்பேன்.

ஆணி டயரைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருப்பதால் சற்று நிற்கிறேன். ஈரமான வழவழப்பான ஐஸில், அதாவது பூஜ்யத்தை ஒட்டிய அந்த மோசமான நிலையில், டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ள ஆணிக்கு நிகரானது இன்னும் வரவில்லை. ஆனால் குளிர் கூடக் கூட அந்த வித்தியாசம் சுருங்கும். வெறும் தார்ச்சாலையில் ஆணி பாதகம். இரைச்சல் வேறு, சாலையையும் அரித்துத் தூசியாக்கும். ஜப்பானில் இந்தத் தூசி பெரிய சுகாதாரப் பிரச்சினையாகி 1990இல் அதைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள். 1988இல் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக்கைக் கொண்டுவந்ததும் ஆணியில்லாத நல்ல டயர்கள் அங்கே வளர்ந்ததும் அந்த நெருக்கடிக் காலத்தில்தான். ஜெர்மனியில் சாதாரணக் கார்களுக்கு ஆணி டயர் தடை. ஸ்டாக்ஹோமின் ஹார்ன்ஸ்காடன் தெருவில் 2010 முதல் ஆணி டயரோடு போக முடியாது. ஒஸ்லோவில் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே முதலில் உங்கள் பகுதியில் அனுமதி உண்டா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பாருங்கள். செங்குத்தான மலைச்சாலையில் வீடு, தினமும் உருகி உறையும் ஐஸ் என்றால் ஆணி. இல்லையென்றால் வேண்டாம். புது ஆணி டயர் மாட்டினால் முதல் சில நூறு கிலோமீட்டர் வேகமாகக் கிளப்பாமலும் சடன் பிரேக் அடிக்காமலும் ஓட்டுங்கள். ஆணிகள் ரப்பருக்குள் நிலைகொள்ள அந்த அவகாசம் வேண்டும், இல்லாவிட்டால் உதிரும்.

மலைக்குறி பெற்ற ஆல்-வெதர் டயர்கள், மிஷெலின் கிராஸ்கிளைமேட் போன்றவை, வருடம் முழுக்க ஓட்டக்கூடியவை. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் பனி பார்க்கும் இடத்துக்கு அவை அருமை. உங்கள் நிலைமைக்குப் போதாது.

அடுத்தது அளவு. கார் கதவின் உட்புறச் சட்டத்தில் அல்லது பெட்ரோல் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் உங்கள் மாடலுக்கு அனுமதித்த அளவுகள் இருக்கும். 225/45 ஆர்17 வருகிற பல மாடல்களின் அடிப்படை வடிவத்தில் 205/55 ஆர்16 அல்லது 195/65 ஆர்15 போட்டிருப்பார்கள். மூன்றின் மொத்த விட்டத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 225இன் 45 சதவீதம் 101.25 மில்லிமீட்டர், அதை இரண்டால் பெருக்கி 17 அங்குலத்தின் 431.8ஐக் கூட்டினால் 634.3. அதே மாதிரி 205/55 ஆர்16 என்றால் 631.9. 195/65 ஆர்15 என்றால் 634.5. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். குழம்பாது. ரிம் சிறுத்த அளவுக்கு ரப்பரின் உயரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி இறங்குவதால் கிடைப்பவை பல. பனிக்குள் மறைந்திருக்கும் பள்ளத்திலும் நடைபாதை ஓரக் கல்லிலும் மோதும்போது உயரமான பக்கச் சுவர் அடியை வாங்கிக்கொள்ளும், ரிம் தப்பிக்கும். 16 அங்குல டயரும் வீலும் விலை குறைவு, கிடைப்பதும் எளிது. குறுகலான டயர் ஆழமான பனியையும் நீர் கலந்த பனிச்சேற்றையும் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். சில கார்களில் குறிப்பிட்ட குறுகலான அளவில் மட்டுமே டயரைச் சுற்றிப் பனிச்சங்கிலி மாட்ட இடமிருக்கும், அதையும் கையேடு சொல்லும். ஆனால் குறுகலாக இருந்தால் எங்கும் நல்லது என்பதில்லை. காய்ந்த சாலையிலும் சுத்தமான ஐஸிலும் அகலமான டயர் தோற்பதில்லை. அதனால் அனுமதித்த பட்டியலுக்கு வெளியே போய் இன்னும் குறுகலாகத் தேட வேண்டாம். நான் 16இல் நிற்கச் சொல்வதற்கும் அதுதான் காரணம். 15 பொருந்தினாலும் நெடுஞ்சாலையில் கார் அலைபாயும்.

பாரக் குறியீட்டில் மட்டும் சமரசம் கூடாது. ஸ்டிக்கரில் 91 என்றிருந்தால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670 கிலோ. அந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும், பேட்டரியின் எடை அப்படி. வேகக் குறியீட்டைப் பனிக்காலத்துக்குக் குறைத்துக்கொள்ளப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. டயரின் உச்ச வேகத்தை மட்டும் தாண்டாமல் ஓட்ட வேண்டும்.

இதே அலாய் வீலில் வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டலாமே என்கிறீர்கள். முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷினில் வைத்து டயரின் விளிம்பைப் பிடுங்கி மாட்ட வேண்டும், அந்த விளிம்பு அடி வாங்கும், பேலன்சிங் மறுபடி செய்ய வேண்டும், முதல் பனி விழும் வாரத்தில் கடையில் நாள் கிடைக்காது. தனி வீல் இருந்தால் ஜாக்கியும், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சும் வைத்து ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டிலேயே முடித்துவிடலாம். அதோடு சாலை உப்பு நல்ல அலாய் வீலைத் தின்னாமல் இருக்கும். சில வருடங்களில் கழற்றி மாட்டும் கூலியே வீலின் விலையைத் தொட்டுவிடும். பழைய டயர்கள் பாதி வருடம் ஓய்வெடுப்பதால் அவையும் கூட நாள் வரும்.

வீல் வாங்குவதில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். விட்டமும் அகலமும் சரியாக இருந்தால் போதாது. போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும். பி.சி.டி. என்பார்கள். ஹோண்டா சிவிக்கில் 5×114.3, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் 5×112. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அடுத்து நடு ஓட்டை, காரில் வீல் உட்காரும் ஹப்பின் மேல் பொருந்த வேண்டியது. கோல்ஃபின் ஹப் 57.1 மில்லிமீட்டர், சமீபத் தலைமுறை ஆடி ஏ4இன் ஹப் 66.5. இரண்டுக்கும் பி.சி.டி. அதே 5×112தான், ஆனால் கோல்ஃப் வீல் ஏ4இன் ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. மறுபக்கம், வீலின் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்றாவது ஆஃப்செட், ஈடி45 என்பது போலப் பொறித்திருக்கும். ஹப்பில் உட்காரும் தளம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. எண் பெரிதானால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். ஈடி45க்குப் பதில் ஈடி35 வாங்கினால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வந்து, உப்புச் சேற்றைக் கதவெல்லாம் வாரியடிக்கும், முழு ஸ்டியரிங்கில் ஃபெண்டரில் உரசவும் கூடும். அகலம் 7 அங்குலத்திலிருந்து 6.5 ஆனால் ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீட்டர் சொச்சம் குறையும், அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நான்காவது, எந்த இணையதளக் கணக்கிலும் தெரியாத ஒன்று: பிரேக் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கும் வீலின் உட்புறத்துக்கும் நடுவே இடம். 16 அங்குல வீலில் ஒரு டிசைன் சுலபமாக நுழையும், அதே அளவில் இன்னொன்றின் ஆரக்கால் காலிப்பரில் இடிக்கும். பெரிய பிரேக் உள்ள வேக மாடல்களில் 16 சுத்தமாகப் பொருந்தாமலே போகலாம், அப்போது 17தான் வழி. ஆகவே டயர் ஏற்றும் முன்பு வெறும் வீலைக் காரில் மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. டயர் ஏற்றிய வீலை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

அப்புறம் நட்டு, போல்ட். ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் தங்கள் சொந்த வீல்களுக்கு உருண்டை முகமுள்ள நட்டு அல்லது போல்ட் தருகின்றன. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலானவை கூம்பு முகத்துக்கானவை. மாற்றிப் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் தொடும் பரப்பு மிகக் குறைவு, ஓட்டத்தில் தளர்ந்துவிடும். போல்ட் வகைக் காரில் நீளமும் முக்கியம். வீலின் தடிமன் மாறினால் போல்ட் போதிய மரைக்குள் இறங்காமல் நிற்கலாம், அல்லது மிஞ்சிப்போய் உள்ளே எதையாவது இடிக்கலாம். வீல் வாங்கும்போதே அதற்கான நட்டு செட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரும்பு வீலா அலாயா? பனிக்காலத்துக்கு எனக்குப் பிடித்தது இரும்பு. அடிபட்டால் வளையும், சட்டென்று விரிசல் விடாது. துருப்பிடித்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். அழகு பார்ப்பவர்களுக்கு ஆகாது, சில கார்களில் காலிப்பருக்கு இடமும் விடாது. அலாய்தான் என்று முடிவெடுத்தால் முழுக்கப் பெயின்ட் அடித்ததை வாங்குங்கள். கடைந்து பளபளப்பாக்கி மேலே வார்னிஷ் பூசிய முகம் வேண்டாம், குரோம் வேண்டவே வேண்டாம். ஒரு சிறு கல் பட்டு அந்தப் பூச்சு உடைந்தால் உப்புநீர் அடியில் புகுந்து வெள்ளை வெள்ளையாக அரித்துக்கொண்டே போகும். அந்த அரிப்பு டயர் உட்காரும் விளிம்புக்கு வந்துவிட்டால் காற்று மெல்ல மெல்லக் கசியும். பஞ்சரே இல்லாமல் வாரா வாரம் காற்றடிக்கும் பல கார்களுக்கு இதுதான் வியாதி.

காற்றழுத்த சென்சார் உங்கள் காரில் எந்த வகை என்று பாருங்கள். ஏ.பி.எஸ். சென்சாரை வைத்துச் சக்கரத்தின் சுழற்சியிலிருந்து கணக்கிடும் மறைமுக வகை என்றால் புது வீலுக்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, மாட்டியபின் ஒரு முறை ரீசெட் செய்தால் போதும். ஒவ்வொரு வீலுக்குள்ளும் தனி சென்சார் இருக்கும் வகை என்றால் இன்னொரு நான்கு வேண்டும். வட அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியக் கார்களில் 433. மாற்றி வாங்கினால் கார் அவற்றைக் கேட்காது. பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதில் நகலெடுத்துத் தரச் சொன்னால், பருவம் மாறும்போதெல்லாம் காருக்கு அறிமுகம் செய்துவைக்கும் வேலை மிச்சம்.

இரண்டு டயர் மட்டும் வாங்கி டிரைவ் சக்கரத்தில் போடுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முன்னால் மட்டும் நல்ல பிடிமானம் இருந்தால் வளைவில் பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் சுழன்று முன்னால் வரும். அனுபவமுள்ளவர்களுக்கே அதைத் திருத்துவது கஷ்டம். உங்கள் ஆல் வீல் டிரைவில் முன்பின் டயர்களின் விட்டம் வேறுபட்டால் கியர் அமைப்புக்கும் கெடுதல்.

பழைய டயர் வாங்குவதாக இருந்தால் பள்ளத்தின் ஆழமும் டயரின் வயதும் பாருங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பது பல நாடுகளின் பொது விதி, பனியில் அது மொட்டை டயருக்குச் சமம். ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்குக் குறைந்தது 4 மில்லிமீட்டர் என்று சட்டமே இருக்கிறது. நீங்களும் அந்தக் கோட்டில் நில்லுங்கள். சில நார்டிக் டயர்களில் விசேஷ ரப்பர் முழு ஆழத்துக்கும் இருக்காது, மேலடுக்கு தேய்ந்ததும் கீழே சாதாரண ரப்பர்தான். வயதுக்குப் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்: 3523 என்றால் 2023ஆம் வருடம் 35ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய பனிக்கால டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் வாங்க மாட்டேன், ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும்.

மாட்டும்போது ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். மரையில் எண்ணெய் போடாதீர்கள். நட்டை நட்சத்திர வரிசையில் இறுக்கி, கையேடு சொல்லும் டார்க்கில் முடியுங்கள். பல கார்களில் அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், சிலவற்றில் 140. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை மறுபடி சரிபாருங்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதைப் பார்த்தே மாட்டுங்கள், அவசரத்தில் கடைக்காரர்களே தலைகீழாக மாட்டிவிடுவதுண்டு.

காற்றழுத்தம் குளிரில் தானாக இறங்கும். 20 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர் மைனஸ் 10இல் 28தான் காட்டும். அதனால் முதல் கடுங்குளிரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதற வேண்டாம், வெளியே நின்று குளிர்ந்த டயரில் அளந்து ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். பனிக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டும் பழைய யோசனை மணலில் ஓட்டுபவர்களுக்கானது. இன்னொன்று, பனியில் நிறுத்தி எடுத்த கார் மறுநாள் நெடுஞ்சாலையில் பயங்கரமாக நடுங்கினால் பேலன்சிங் போய்விட்டதென்று கடைக்கு ஓடாதீர்கள். வீலின் உட்புறத்தில் பனி உறைந்து ஒட்டியிருக்கும், குச்சியால் தட்டிவிட்டால் சரியாகிவிடும்.

எப்போது மாற்றுவது? காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே வரத் தொடங்கியதும். முதல் பனிக்குக் காத்திருந்தால் நல்ல அளவுகள் தீர்ந்திருக்கும். சட்டத்தையும் பாருங்கள்: கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், ஜெர்மனியில் தேதி இல்லை, சாலையின் நிலையைப் பொறுத்துக் கட்டாயம். வசந்தத்தில் கழற்றச் சோம்பல்படாதீர்கள், வெயிலில் அந்த மென்மையான ரப்பர் கண்ணெதிரே தேயும். கழற்றியதும் உப்பைக் கழுவி உலர்த்தி, வெயிலும் மோட்டார்களும் இல்லாத குளிர்ந்த இடத்தில், வீலோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் முன் இடது, பின் வலது என்று எழுதிவிடுங்கள், அடுத்த முறை முன்பின் மாற்றிப் போட வசதியாக இருக்கும்.